செக்ரோல் கோப்பை ஒரே தட்டலில் திறப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்) கேட்டது: விண்டோஸில் எக்செல் செக்ரோலை (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) குறுக்குவிசையால் திறக்கலாமா?

தாராளமாக. கோப்புக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் ஒன்று உருவாக்குங்கள். ஓரத்தில் சிறிய அம்புக்குறி தெரியும். அது இல்லையென்றால் நீங்கள் தொட்டிருப்பது அசல் கோப்பு, அதில் இந்த வசதி கிடையாது. ஷார்ட்கட்டைத் தேர்ந்து ஆல்ட், என்டர் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தில் சி தட்டினால் கண்ட்ரோல், ஆல்ட் தானாகவே முன்னால் வந்துவிடும். ஓகே கொடுங்கள்.

பெரும்பாலும் சிக்கல் வருவது இங்கேதான்: ஷார்ட்கட்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் விசை வேலை செய்யாது, டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும். எஃப்2 போன்ற விசையைத் தனியாக வைக்கவே வேண்டாம். எக்செலில் கட்டத்தைத் திருத்த அதை அழுத்தும்போதெல்லாம் செக்ரோல்தான் திறக்கும்.