வேலை நேரம் முடிந்த பிறகு ட்ரக்கைச் சொந்த வேலைக்கு எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் புதிதாக ட்ரக் ஓட்டுகிறேன். ஒரு ஷிஃப்டில் ஓட்ட அனுமதிக்கும் 11 மணி நேரம் தீர்ந்த பிறகு சாப்பிடவோ வீட்டுக்கோ போக ட்ரக்கை எடுக்கலாமா? லோடு இருந்தால் கூடாது என்கிறார்களே?

எடுக்கலாம், லோடு இருந்தாலும் எடுக்கலாம். வண்டி காலியாக இருக்க வேண்டும் என்பது பழைய விளக்கம். ட்ரக் பாதுகாப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க மத்திய அரசின் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. 2018இல் அதை மாற்றிவிட்டது. இன்றும் பழைய டிரைவர்கள் பலர் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்போது பார்ப்பது, அந்த ஓட்டத்தால் கம்பெனி வேலை ஏதாவது நகர்கிறதா என்பதைத்தான். நகரவில்லை, நீங்களும் உண்மையிலேயே வேலையிலிருந்து விடுபட்டுவிட்டீர்கள் என்றால் பர்சனல் கன்வேயன்ஸ், அதாவது பி.சி. போட்டு ஓட்டலாம். லாக்கில், அதாவது வேலை நேரப் பதிவில், அது ஆஃப் டியூட்டி.

ட்ரக் ஸ்டாப்பிலிருந்து சாப்பிடப் போவது, டெர்மினலிலிருந்து வீட்டுக்குப் போவது எல்லாம் இதில் சேரும். தூரத்துக்கு அமெரிக்காவில் எண் எதுவும் இல்லை. கனடாவுக்குள் வந்தால் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்தான், எல்லை தாண்டி ஓட்டுபவர்கள் கவனிக்கவும்.

இந்த விதியின் அருமை கிடங்கு வாசலில்தான் தெரியும். மதியத்துக்குக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு ராத்திரிதான் டாக், அதாவது சரக்கு இறக்கும் மேடை, கிடைக்கும். சரக்கு இறக்கி முடிவதற்குள் வேலை தொடங்கியதிலிருந்து எண்ணப்படும் உங்கள் 14 மணி நேரம் போய்விடும், அதன் பிறகு ஓட்டக் கூடாது. பேப்பரில் கையெழுத்து வாங்கியதுமே காவலாளி வந்து கதவைத் தட்டுவார், "இங்கே தூங்கக் கூடாது, கிளம்புங்கள்." அப்போது பி.சி. போட்டு வெளியே வரலாம். ஆனால் போவது பக்கத்தில், நியாயமாகக் கிடைக்கிற முதல் பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும். "ரிசீவர் வெளியேறச் சொன்னார், அருகில் பார்க்கிங் தேடுகிறேன்" என்று லாக்கில் உடனே குறிப்பு எழுதிவிடுங்கள். முதல் இடம் நிரம்பியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பாதுகாப்பான இடம் என்பதை வெறும் சட்டச் சொல்லாக நினைக்காதீர்கள். 2009இல் பால் லோடுடன் சீக்கிரமே வந்துவிட்ட ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், நிறுத்த இடமில்லாமல் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினார். அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி விடாமல் போராடியதில் 2012இல் ட்ரக் பார்க்கிங்குக்காகவே 'ஜேசன் சட்டம்' வந்தது. இடப் பற்றாக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

கூடாதது எது? நல்ல பார்க்கிங்கைத் தாண்டி, காலையில் லோடு ஏற்றும் இடத்துக்குப் பக்கமாகப் போய் நிற்பது. லோடு இறக்கிய கையோடு கம்பெனி டெர்மினலுக்குத் திரும்புவது. ரிப்பேருக்கு வண்டியை எடுத்துப் போவது. இவையெல்லாம் கம்பெனி வேலை. அப்புறம், நடுவில் பி.சி. போட்டால் 14 மணி நேரக் கடிகாரம் நிற்கும் என்று நம்ப வேண்டாம், அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பி.சி.யில் ஈ.எல்.டி., அதாவது வண்டியிலுள்ள மின்னணு லாக் கருவி, உங்கள் இடத்தைச் சுமார் 10 மைல் வட்டத்துக்குத்தான் காட்டும் என்பது உண்மை. ஆனால் டீசல் ரசீதும் டோல் ரசீதும் ஊர்ப் பெயரோடு வருகின்றன, ஏமாற்றினால் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது, டிரைவர்களுக்கு லோடு ஒதுக்கி அனுப்பும் டிஸ்பேட்சர்கள் மேல்தான். "மணி முடிஞ்சா என்ன, பி.சி. போட்டு வந்துடு" என்று புதுப் பையன்களிடம் கூசாமல் சொல்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் 80,000 பவுண்டு வண்டியை ஓட்டப்போவது அவர்கள் இல்லை. பி.சி.யே வேண்டாம் என்று தடுக்கவோ அளவு வைக்கவோ கம்பெனிக்கு உரிமை உண்டு. விதியை மீறு என்று நெருக்க உரிமை கிடையாது, 2016 முதல் அதற்குத் தனி விதியே இருக்கிறது. வாய்ச்சொல்லாகச் சொன்னால் மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள், முடியாது என்று நீங்களும் எழுத்திலேயே பதில் போடுங்கள். அதற்கும் மேல் நெருக்கினால் 90 நாளுக்குள் எஃப்.எம்.சி.எஸ்.ஏ.விடம் புகார் கொடுக்கலாம்.