திறந்த மூல மென்பொருளுக்கு இணக்கச் சான்று பெறுவது ஏன் சிரமம்?

நிரலே திறந்திருக்கும்போது, அது ஒரு தரநிலைக்கு ஒத்திருக்கிறது என்ற சான்று பெறுவதில் என்ன தடை என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரம் தடை நிரலில் இல்லை, சான்றுக்காகத் தேற வேண்டிய சோதனைத் தொகுப்பின் உரிமத்தில்தான்.

அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பின் ஹார்மனியைப் பாருங்கள். 2005-இல் தொடங்கிய ஜாவா செயலாக்கம் அது, அதாவது ஜாவா மொழி நிரல்களை ஓட்டும் மென்பொருள். ஜாவாவுக்கு இணக்கமானது என்று சொல்லிக்கொள்ள, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பில் தேற வேண்டும். சன் தர முன்வந்த உரிமமோ, தேறிய மென்பொருளை எந்த வகைச் சாதனங்களில் ஓட்டலாம் என்று கட்டுப்படுத்தியது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் அப்பாச்சி உரிமத்தின் உயிர். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? 2007-இல் அப்பாச்சி சன்னுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியும் பலனில்லை. 2010 டிசம்பரில் ஜாவாவின் தரநிலைகளை முடிவு செய்யும் செயற்குழுவிலிருந்து அப்பாச்சி விலகியது. 2011-இல் ஹார்மனியும் நின்றது. எனக்கு இது இன்றும் வருத்தம்தான்.

அப்புறம், சான்று பொதுவாகச் சோதித்த பதிப்புக்கு மட்டுமே. நிரலை மாற்றி நீங்கள் மறுபடி கம்பைல் செய்தால் அந்தச் சான்று உங்கள் பதிப்புக்குச் செல்லாது.