பிரசவ விடுப்பு முடிகிறது, ராஜினாமா செய்துவிடலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 70 பேர்; அதில் பெண்கள் ஒன்பது பேர்தான். மகளுக்கு ஐந்து மாதம். மாமியாருக்கு மூட்டுவலி, குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள அவரால் முடியாது. வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் கேட்டால், "ஒன்பது பெண்களுக்காகவா?" என்கிறார் மேலாளர். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மேலாளர் சொல்வது பழைய கணக்கு. தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால்தான் குழந்தைகள் காப்பகம் என்றது. 31-வது பெண்ணைச் சேர்க்காவிட்டால் முதலாளிக்குச் செலவு மிச்சம்! பெண்களுக்காகப் போட்ட விதியே அவர்களுக்குக் கதவை அடைக்கக் காரணமாகலாம். 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் பாராமல் மொத்தம் 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றார்கள். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 தான். பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகமும் நடத்தலாம். நீங்கள் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம்.

நான் பார்த்த ஓர் ஆலையில் சரக்கு அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, நான்கு தூளி கட்டியிருந்தார்கள். பதினோரு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்தபடியே தறிக்குத் திரும்பினார் ஒரு பெண். அவரை வேலையில் தக்கவைத்திருப்பது அந்த அறைதான். விடுப்பு எவ்வளவு நீண்டாலும், அது முடிகிற நாளில் குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. 26 வார மகப்பேறு விடுப்புக்கான சம்பளம், இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குக் காப்பீட்டிலிருந்து வருகிறது; மற்றவர்களுக்கு முழுவதும் முதலாளி தலையில் விழுகிறது. தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள் விடுப்புகூட இல்லை. ஆகவே குழந்தையின் செலவெல்லாம் தாயின் பெயரிலேயே எழுதப்படுகிறது. நேர்காணலில் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று பெண்ணிடம் மட்டும் கேட்பது இதனால்தான். அந்தச் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கும்வரை இந்தக் கேள்வி ஓயாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: வேலைக்குத் திரும்பும் தேதியையும் ஊழியர் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு, காப்பகம் கேட்டு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போகப் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு, அதையும் கேளுங்கள். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம். பதில் வராவிட்டால் அதே நகலோடு தொழிலாளர் துறை ஆய்வாளரைப் பாருங்கள். மற்ற எட்டுப் பெண்களும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது; ஆண்களிடமும் கேளுங்கள், அந்த 70-இல் அவர்களும் உண்டு.