வாத்தியார் பதில்கள்: அரை டிக்கெட் கோடும் 99 பெர்சன்டைலும்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்குத் திருமங்கலத்தில் பூக்கடை. மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. போன மாதம் ஒருவர் 350 கிராம் மல்லி கேட்டார், அன்றைக்குக் கிலோ 640. நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் இவன் '224 ரூபா' என்றுவிட்டான். எப்படிடா என்றால், 'கால் கிலோ 160, அப்புறம் நூறு கிராம் 64' என்கிறான். யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளியில் வருடா வருடம் வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து திறனறித் தேர்வு வைக்கிறது. ஒன்றாம் வகுப்பிலும் கணக்கில் 99 பெர்சன்டைல், இந்த வருடமும் 99. அடுத்த வருடத்துக்கு இப்போதே பணம் கட்டச் சொல்கிறார்கள், கூடவே ஐ.க்யூ. டெஸ்டும் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். மாமியாரோ 'ராமானுஜமே பரீட்சையில் ஃபெயிலானவர்தான், சும்மா விடு' என்கிறார். இந்தத் தேர்வுகளால் இவனுக்கு இனிமேல் ஏதாவது பிரயோஜனம் உண்டா?
(ஒரு தாய், திருமங்கலம்)

பதில்: தாயி, முதலில் அந்த 224-ஐக் கொஞ்சம் பார்ப்போம், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உங்கள் பையன் 350-ஐயும் 640-ஐயும் பெருக்கப் போகவே இல்லை. தராசுத் தட்டில் நீங்கள் கல் போடுவதைப் பார்த்துப் பார்த்து, எடையையே கால் கிலோ, நூறு கிராம் என்று உடைத்திருக்கிறான். இது வாய்ப்பாடு மனப்பாடம் இல்லை. என்னிடம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் இதற்குப் பேப்பர் கேட்டிருப்பார்கள்.

இப்போது அந்த 99. முன்பெல்லாம் டவுன் பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? கண்டக்டர் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். கோட்டுக்கு மேலே தலை போனால் முழு டிக்கெட், அவ்வளவுதான். மேலே ஒரு விரக்கடையா, ஒரு முழமா என்பது கோட்டுக்குத் தெரியாது. இரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருந்தே கேள்வி கேட்கிற தேர்வும் அப்படித்தான். 99 பெர்சன்டைல் என்றால் அவனைப் போல இரண்டாம் வகுப்பு படித்து அந்தத் தேர்வு எழுதுகிற நூறு பேரில் முதல் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பேர் எழுதுகிறார்கள், அதில் நூற்றுக்கு ஒருவர் என்றாலே 9,000 பேர். அத்தனை பேரும் ஒரே மாதிரிப் பிள்ளைகளா? அவர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்தத் தேர்வு காட்டாது, ஏனென்றால் கேள்வித்தாள் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

இதை ரொம்ப நாளைக்கு முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற பேராசிரியர் 1971-ல் தொடங்கிய ஆய்வு அது. வகுப்புத் தேர்வில் உச்சியில் நிற்கிற 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு, பதினேழு வயதில் கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதுகிற எஸ்.ஏ.டி. கணக்குத் தாளைக் கொடுத்தார். அதுவரை எல்லாரும் ஒரே உயரம் என்று தெரிந்த பிள்ளைகள் அதில் சிதறிப் போனார்கள்; 800-க்கு 300 எடுத்தவரும் உண்டு, 700-ஐத் தாண்டியவரும் உண்டு. இன்றைக்குப் பெரிய கணித மேதையாக இருக்கிற டெரன்ஸ் டாவோ எட்டு வயதில் அதே தாளில் 760 எடுத்தவர். அவருக்கு மூன்றாம் வகுப்புத் தாளைக் கொடுத்திருந்தால் நூற்றுக்கு நூறு என்று போட்டு அனுப்பியிருப்பார்கள், கதை முடிந்திருக்கும்.

ஆக, அதே வகுப்புத் தேர்வை மூன்றாவது தடவை எழுத வைப்பதற்குப் பணம் கட்டாதீர்கள். அவன் வகுப்புக்கு இரண்டு, மூன்று வகுப்பு மேலே உள்ள தாளை ஒரே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், அதனால் உபயோகம் உண்டு. அதற்குச் செலவும் கிடையாது. நாலாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது வாங்குங்கள், கடையில் கூட்டம் இல்லாத ஒரு நாள் மத்தியானம் பத்துக் கணக்கைக் குறித்துக் கொடுங்கள், கடிகாரம் வைக்க வேண்டாம். அதை ஊதித் தள்ளினால் அடுத்தது ஐந்தாம் வகுப்பு, அப்புறம் ஆறு. எங்கே நிற்கிறானோ அங்கே நீங்களும் நில்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னத்தைக் கோடு போட்டு எழுதுகிற முறை அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அது திணறல் இல்லை. 'மேலே இருப்பது எத்தனை துண்டு, கீழே இருப்பது மொத்தம் எத்தனையாக வெட்டினோம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நின்றால்தான் அவன் படிக்க வேண்டிய இடம் அது.

தப்பாகப் போட்ட கணக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு திறனறித் தாள் வந்தது. 2, 4, 8, அடுத்தது என்ன? எல்லாரும் 16. ஒரு சின்னப் பெண் மட்டும் 14 என்று எழுதியிருந்தாள், விடைத்தாளில் தப்பு என்று விழுந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன். 'முதல்ல ரெண்டு கூடுது சார், அப்புறம் நாலு கூடுது, அப்ப அடுத்து ஆறுதானே கூடும்?' என்றாள். அந்தப் பிள்ளை சொன்னதில் என்ன தப்பு? கேள்வி கேட்டவர்தான் மூன்று எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு அவள் பெர்சன்டைல் குறைந்தது, எனக்கு அவள் யார் என்று தெரிந்தது. நான் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை, அது கிடக்கட்டும்.

ஐ.க்யூ. டெஸ்ட்: இப்போதைக்கு வேண்டாம். 100 சராசரி என்று வைத்து அளக்கிற எண் அது; மொழி, நினைவு, வேகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி ஒரு நம்பராகத் தருவது. கணக்கில் மட்டும் பாய்கிற பிள்ளையின் பாய்ச்சல் அந்தக் கலவையில் கரைந்துபோகும். சின்ன வயதில் எடுத்த நம்பர் பின்னால் மாறவும் செய்யும். ஆனால் ஒன்று. பையன் வாயால் இவ்வளவு சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்து தலைகீழாகிறது, நாலு வரி வாசிக்க அழுகிறான் என்றால் உடனே ஒரு குழந்தை உளவியலாளரிடம் போங்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் கற்றல் சிரமம் அவன் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், அதைப் பிரித்துக் காட்ட அந்த மாதிரி டெஸ்ட்தான் வேண்டும்.

மாமியாருக்கு ஒரு சேதி. ராமானுஜன் கல்லூரியில் தோற்றது வாஸ்தவம், ஆனால் காலை வாரியது கணக்கு இல்லை, மற்ற பாடங்கள். அதே ராமானுஜன் 1897-ல், பத்து வயதுகூட நிறையாமல், தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் ஆளாக வந்தவர். தேர்வு அவரைப் பார்க்கத்தான் செய்தது. பார்த்த பிறகு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு அது தெரியும்: பையன் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய், கணக்குப் பீரியடில் மட்டும் இவன் நாலாம் வகுப்பில் உட்காரட்டுமா என்று கேளுங்கள். பெர்சன்டைல் சீட்டைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். மாட்டேன் என்றால் சண்டை போடாதீர்கள், அந்தப் பணத்தில் ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போங்கள். புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி. எந்தக் கணக்குத் தேர்வுதான் உருப்படியானது?
(ஒரு தகப்பனார், உசிலம்பட்டி)

பதில்: சென்னையில் 1965-லிருந்து இருக்கிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டியில் ஐந்து, ஆறாம் வகுப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பழைய தாள்களைப் போட்டுப் பாருங்கள், யோசிக்க வைக்கிற கணக்குகள். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஐ.ஓ.க்யூ.எம். எழுதலாம், நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித ஒலிம்பியாட் போட்டி ஏணியில் முதல் படி அது: மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். மூன்று மணி நேரத்துக்கு முப்பதே கேள்வி என்பதைக் கவனியுங்கள், அவசரப்படுகிற பிள்ளைக்கான தாள் இல்லை. எட்டாம் வகுப்பிலேயே என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். அது திறமையை அளக்கிறதா என்று கேட்டால் நான் தோளைக் குலுக்குவேன், ஆனால் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருடம் மாதம் 1,000 ரூபாய் வரும். ஒலிம்பியாட் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினவர் எல்லாருக்கும் மெடல் மாட்டிவிடுகிற தேர்வுகள் வேறு ரகம், அவற்றை இதோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பேரனை அபாகஸில் சேர்க்கலாமா?
(ஒரு தாத்தா, மேலூர்)

பதில்: மணியைத் தள்ளி விளையாட ஆசைப்பட்டால் சேருங்கள். கூட்டல் வேகம் வரும், கணக்கு வருமா என்பது வேறு. அதைவிட, சந்தைக்குப் போகும்போது கூட்டிப் போங்கள், மிச்சச் சில்லறையை அவன் எண்ணி வாங்கட்டும்.