காது மெஷின்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கே காது மெஷின் கிடைக்கிறது. கிளினிக்கில் அதைப்போலப் பல மடங்கு சொல்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்?
– வாசகர், விருதுநகர்

அந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்கள். வயதானால் வரும் செவிக் குறைபாடு அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. 250, 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு கேட்கும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது உயர்ந்த சுருதியில், கேட்கும் திறன் சரிந்துவிடும். ச, த, க போன்றவற்றின் கூர்மை இருப்பது அந்த மேல்பகுதியில்தான். ‘சட்டி’, ‘தட்டி’, ‘கட்டி’ மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுபோல விழும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியலை” என்பார். எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றினால் மிக்ஸியும் ஃபேனும்தான் காதைப் பிளக்கும்.

மெஷினுக்கு முன்னால் இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். அழுக்கு அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். பிறகு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை, எடுங்கள். ஹெட்ஃபோன் வைத்து ஒரு முறை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவி வைத்து ஒரு முறை என இரண்டும் பார்க்க வேண்டும். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, ஹெட்ஃபோனில் மட்டும் குறைந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அதை மருந்தோ அறுவை சிகிச்சையோ சரிசெய்யக்கூடும். பேச்சு எவ்வளவு புரிகிறது என்ற பரிசோதனையும் கேளுங்கள். அறிக்கையைக் கையோடு வாங்கி வாருங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அது உதவும்.

ஒன்று முக்கியம்: ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மெஷினைப் பற்றி யோசிக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய், விரல் நுனி மரத்திருக்கிறது. வெளியே தெரியாத குட்டி மெஷின்தான் வேண்டும் என்கிறார்.
– வாசகி, காரைக்குடி

குட்டி மெஷினில் போடும் 10ஆம் எண் பேட்டரியின் குறுக்களவு 6 மில்லிமீட்டர்கூட இல்லை. மரத்த விரலால் அதை மாற்றுவது தினசரி ரோதனை. காதுக்குப் பின்னால் மாட்டும் மாடலில், 13ஆம் எண் பேட்டரியோ சார்ஜ் செய்யும் வகையோ அவருக்கு ஏற்றது. முடி மறைத்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். வாங்கும் முன் அவரே மாட்டிக் கழற்றட்டும், நீங்கள் மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: மெஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது, தட்டு விழுந்தால் தூக்கிவாரிப்போடுகிறது. பீரோவில் வைத்துவிட்டேன்.
– வாசகர், தஞ்சாவூர்

இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள். மெஷின் ஓடும்போது நீளமாக ‘ஈ’ என்று சொல்லுங்கள். பிறகு காதில் வைத்தபடியே ஆஃப் செய்து மறுபடி சொல்லுங்கள். ஆஃப் செய்தும் பானைக்குரல் மாறவில்லை என்றால் காது அடைபட்டிருப்பதுதான் காரணம். மோல்டில் (காதின் வடிவத்துக்கு அச்செடுத்துச் செய்யும் காதடைப்பு) காற்றுத் துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஓட்டையுள்ள ரப்பர் டோமுக்கு (காதுக்குள் போகும் குடை போன்ற மென்மையான முனை) மாற வேண்டும். ஆஃப் செய்ததும் சரியானால், தாழ்ந்த ஒலிகளுக்குக் கொடுத்திருக்கும் ஏற்றம் அதிகம். அதைக் கம்ப்யூட்டரில் குறைக்கலாம்.

தட்டுச் சத்தத்துக்கு, அதிகபட்ச ஒலி வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். மூளையும் பழக வேண்டும்: முதலில் வீட்டுக்குள் தினம் 2 மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. பல வாரங்கள் ஆகலாம்.

பல இடங்களில், சாஃப்ட்வேர் தானாகப் போடும் செட்டிங்கோடு அனுப்பிவிடுகிறார்கள். அது சராசரிக் காதுக்கான கணக்கு. மெல்லிய ட்யூபைச் செவிப்பறைக்குப் பக்கத்தில் வைத்து, காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் ‘ரியல் இயர்’ பரிசோதனை உண்டு. 16 சேனலா 24 சேனலா (ஒலியை மெஷின் எத்தனை சுருதிப் பகுதிகளாகப் பிரித்துக் கையாளும்) என்று விசாரிப்பதைவிட, இதைச் செய்வார்களா என்று விசாரிப்பது பிரயோஜனம். அடுத்த முறை போகும்போது எந்த இடத்தில் எந்தச் சத்தம் தொந்தரவு என்று குறித்துக்கொண்டு போங்கள். “சரியில்லை” என்று மட்டும் சொன்னால் ஆடியாலஜிஸ்ட் எதைத் திருத்துவார்?

கேள்வி: மென்றாலும் சிரித்தாலும் மெஷின் ‘கீச்’ என்று விசில் அடிக்கிறது.
– வாசகி, ஈரோடு

முதலில் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு மெஷினைக் கழற்றி, மோல்டின் நுனித் துளையையும் காற்றுத் துளை இருந்தால் அதையும் விரலால் இறுக்கி மூடுங்கள். விசில் நின்றால் மோல்டு காதில் சரியாகப் பொருந்தவில்லை. புதிதாக அச்செடுக்க வேண்டும். நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைத்துத்தான் அச்சுப் பசையைச் செலுத்த வேண்டும். அச்சு குட்டையானால் மோல்டும் தளரும். மூடியும் விசில் அடித்தால், மெஷினையும் மோல்டையும் இணைக்கும் ட்யூபில் விரிசல், அல்லது மெஷினுக்குள் கோளாறு. ட்யூப் 3 முதல் 6 மாதத்தில் விறைத்துப்போகும். மாற்றுவது சில நிமிட வேலை.

கேள்வி: அரசு உதவி கிடைக்குமா? பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே?
– வாசகர், கடலூர்

பேச்சொலி அலைவரிசைகளில் இரண்டு காதிலும் குறைபாடு 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் காதொலிக் கருவிக்கும் விண்ணப்பியுங்கள்.

பேட்டரி காற்றில் இயங்குவது. ஸ்டிக்கரை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மெஷினை வையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. பழைய பேட்டரியைப் பேரப்பிள்ளை கைக்கு எட்டும்படி போடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.