பழைய காரில் மங்கும் ஹெட்லைட்: ஒயரிங் முழுவதும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. சில மாதங்களாக ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. வலது பக்கம் இன்னும் மோசம். சிக்னலில் நின்றால் மங்குகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் தேறுகிறது. பல்ப் மாற்றியும் பலனில்லை. ஒரு கடையில் எல்இடி கிட் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் ஒயரிங் முழுவதும் மாற்ற 12,000 ரூபாய் கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் நிறுத்தி வையுங்கள். கோளாறு எங்கே என்று யாரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும், எலக்ட்ரீஷியனிடம் கட்டாயம் இருக்கும். உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள்.

முதலில் இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வேறு எதைத் தொட்டும் பிரயோஜனமில்லை.

அப்புறம் பல்பு. டிம்மில் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டர் முனைகளைச் செருகி அளக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது. கெட்டுப்போன ஒயர்கூட முழு வோல்ட்டையும் காட்டும், "ஒயரிங் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். எரியும்போது பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

வலது பக்கம் மட்டும் கூடுதலாக மங்குகிறது என்கிறீர்களே, அங்கே எர்த்தையும் (பல்பிலிருந்து கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) ஹோல்டரையும் பாருங்கள். எர்த் ஒயர் பாடியில் திருகப்பட்ட இடத்தில் துருவோ பச்சைக் களிம்போ இருந்தால், கழற்றி உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கித் திருகி, கிரீஸ் தடவினால் போதும். ஹோல்டர் பழுப்பேறி உருகியிருந்தால் செராமிக் ஹோல்டராக மாற்றுங்கள். பல்பின் வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கியிருந்தால் மட்டும் ஹெட்லைட் முழுவதையும் மாற்றியாக வேண்டும். துடைத்தால் பூச்சு இன்னும் போகும்.

இரண்டு பக்கமும் வோல்ட் குறைந்தால்? பல பழைய கார்களில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டீயரிங் அருகே உள்ள ஸ்விட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. காலப்போக்கில் அந்த ஸ்விட்சின் உள்ளே கருகிவிடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை இணைத்துவிடும் ஸ்விட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் கொடுத்தால் ஸ்விட்சின் சுமை போய்விடும். ஜப்பானிய வடிவமைப்பு கார்கள் சிலவற்றில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ரிலே இணைக்க வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் உங்களிடம் கேட்ட தொகையில் சிறு பங்குதான் ஆகும்.

எல்இடி கிட் வேண்டாம். உங்கள் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்காக வடிவமைத்தது. பொருந்தாத எல்இடி வெளிச்சத்தைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். 100/90 வாட் பல்பும் போடாதீர்கள். வழக்கமான 60/55 வாட் பல்புக்கே திணறும் ஒயர் சூடேறி உருகும்.

வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். மாற்றிய பாகங்களின் விவரத்தோடு பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.