ஸ்பெஷல் தவில் யாருன்னு பாருங்க

வாசகர் கடிதம்:

அன்புள்ள அண்ணனுக்கு,

மன்னார்குடியிலேர்ந்து எழுதுறேன். கொஞ்ச நாளா ஹெட்போன்ல ஜாஸ் கேக்குறேன், தீபாவளி போனஸ்ல ஒரு டர்ன்டேபிளும் வாங்கிட்டேன், ஆனா தட்டு வாங்கப் போனா தலை சுத்துது. ஒரே ஆல்பம் ஆறு விதமா ஆறு விலையில இருக்கு. ஒரிஜினல் பிரஸ்ஸிங்தான், அதாவது ஆல்பம் முதல்ல வந்தப்ப அடிச்ச தட்டுதான் அசல், மத்ததெல்லாம் ஜெராக்ஸுன்னு ஒரு குரூப்புல சொல்றாங்க. சிடி வாங்கினா கேவலமா? கண்டிப்பா வச்சிருக்க வேண்டிய 25 ஆல்பம்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா மாசம் ஒண்ணா வாங்கிடுவேன். இப்ப வாசிக்கிறவங்க யாரையுமே எனக்குத் தெரியாது, அதையும் சொல்லுங்க. பி.கு: அப்பா ஒருநாள் பின்னாடி நின்னு கேட்டுட்டு, "மெயின் ஆளை விட தவிலு நல்லா வாசிக்கிறான்டா"ன்னுட்டுப் போயிட்டாரு. அது டிரம்ஸுப்பான்னேன், காதுலயே வாங்கல.

– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்:

அன்புள்ள தம்பி,

லிஸ்ட் தர மாட்டேன், கோச்சுக்காதீங்க. 25 ஆல்பம் லிஸ்ட் எங்க தேடினாலும் கிடைக்கும், எல்லாத்துலயும் அதே 25தான் இருக்கும், அதை வாங்கி அடுக்கினவங்க நாலஞ்சு பேர் வீட்டுக்கு நானே போயிருக்கேன், பாதி தட்டுல பிளாஸ்டிக் கவரே பிரிக்கலை.

அதுக்கு பதிலா உங்க அப்பா சொன்னதைப் பிடிச்சுக்கலாம். நீங்க அதை பி.கு.வுல ஜோக்கா எழுதியிருக்கீங்க, எனக்கு கடிதத்துலயே முக்கியமான வரி அதுதான்.

நம்ம பக்கத்து கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்க. நாதஸ்வரம் யாருன்னு பெருசா போட்டிருக்கும், அதுக்குக் கீழயே "ஸ்பெஷல் தவில்"னு ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படிச்சுட்டுதான் ஆளுங்க எந்த ஊருக்கு வண்டியைக் கட்டலாம்னு முடிவு பண்ணுவாங்க. ராஜரத்தினம் பிள்ளை தோடி பத்தி பேசாத ஆள் கிடையாது, ஆனா அவருக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசிச்சதைப் பத்தி தனியா அரை மணி நேரம் பேசுற பெருசுங்களை கும்பகோணத்துல நான் பாத்திருக்கேன், இத்தனைக்கும் அவங்க யாரும் நேர்ல கேட்டவங்க இல்ல, அப்பன் தாத்தன் சொல்லக் கேட்டவங்க. நீடாமங்கலம் உங்க ஊருக்கு எவ்ளோ பக்கம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் காது உங்க வீட்லயே இருக்கு, அதை வச்சே ஜாஸ் ஆல்பம் சேருங்க. அதாவது முன் அட்டையில இருக்கிற பேரை விட்டுட்டு, பின் அட்டையைத் திருப்பி டிரம்ஸ் யாரு, பேஸ் யாருன்னு பாருங்க.

எல்வின் ஜோன்ஸ்னு ஒரு டிரம்மர், அவர்கிட்டேர்ந்து ஆரம்பிங்க. 1964 நவம்பர் 30ஆம் தேதி ஜோ ஹெண்டர்சனோட 'இன்னர் அர்ஜ்' ரெக்கார்ட் ஆகுது, டிசம்பர் 9ஆம் தேதி ஜான் கோல்ட்ரேனோட 'எ லவ் சுப்ரீம்', டிசம்பர் 24ஆம் தேதி வேய்ன் ஷார்ட்டரோட 'ஸ்பீக் நோ ஈவில்'. மூணுலயும் டிரம்ஸ் எல்வின். மூணும் நியூ ஜெர்சியில இங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல ரெக்கார்டிங் இன்ஜினியர் ரூடி வான் கெல்டரோட ஸ்டுடியோ, அதே உசரமான மரக்கூரை, அதே மனுஷன் மைக் வைக்கிறாரு. நம்ம கணக்குல கார்த்திகை பாதியில ஆரம்பிச்சு மார்கழி பொறந்து ஒரு வாரத்துல முடிஞ்சுடுது. அட்டையில பேர் போட்ட மூணு பேருமே வாசிக்கிறது டெனார் சாக்ஸபோன். இந்த மூணையும் வாங்கி ஒரு மாசம் வேற எதையும் தொடாம கேளுங்க, ஒரே தவில்காரர் மூணு நாதஸ்வரத்துக்கு எப்படி எப்படி மாத்தி வாசிக்கிறார்னு தெரிஞ்சுடும், அப்புறம் நாலாவது ஆல்பம் எதுன்னு என்னைக் கேக்க மாட்டீங்க, அந்த பின் அட்டையே சொல்லிடும். இன்னர் அர்ஜ்ல பியானோ வாசிக்கிற மெக்காய் டைனர்தான் எ லவ் சுப்ரீம்லயும். அவரோட சொந்த ஆல்பம் 'தி ரியல் மெக்காய்' 1967ல வந்துச்சு, அதுல சாக்ஸ் யாருன்னு பாத்தா ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸ் மறுபடி எல்வின்.

எல்வின்கிட்ட என்ன விசேஷம்னா அவர் ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிக் குடுக்கிற ஆள் கிடையாது. நாலுக்குள்ள திஸ்ரத்தை மூணு மூணா உருட்டிக்கிட்டே இருப்பார், வலது கை சிம்பல்ல ஒண்ணு சொல்லும், இடது கை ஸ்னேர் டிரம்ல குறுக்க வேற ஒண்ணு சொல்லும், ரெண்டும் எங்க சேருதுன்னு தேடுறதுக்குள்ள கோல்ட்ரேன் அடுத்த வரிக்குப் போயிருப்பார். தாளம் போட்டு கேட்டுப் பழகினவனுக்கு இது ஒரு தனி சுகம்.

எல்பி தட்டா வாங்கணும்னா எ லவ் சுப்ரீமை வாங்குங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. மொத்தமே கிட்டத்தட்ட முப்பத்தி மூணு நிமிஷம், நாலு பகுதி, பக்கத்துக்கு ரெண்டா பிரிச்சிருப்பாங்க. முதல் பக்கம் சேகண்டி மாதிரி ஒரு காங் சத்தத்துல ஆரம்பிக்கும், அதை அடிக்கிறதும் எல்வின்தான். 'ரெசல்யூஷன்' முடிஞ்சு ஊசி உள்வட்டத்துல கறகறன்னு சுத்தும், நீங்க எழுந்து போய் தட்டைத் திருப்பி ஊசியை வைப்பீங்க, 'பர்சூயன்ஸ்' ஆரம்பிக்கும், ஆரம்பமே தனி ஆவர்த்தனம். ஒரு ஒன்றரை நிமிஷம் எல்வின் மட்டும், வேற ஒருத்தரும் கிடையாது, அதுக்கு அப்புறம்தான் கோல்ட்ரேன் உள்ள வர்றார். சிடியில அது மூணாவது டிராக், அவ்ளோதான். தட்டுல அது ஒரு பக்கத்தோட தொடக்கம், வீடு அமைதியா இருக்கும்போது முதல் அடியே டிரம்ஸ்ல விழும். அப்பாவை உக்கார வச்சு இந்த இடத்தைப் போட்டுக் காட்டுங்க.

சரி, ஒரிஜினல் பிரஸ்ஸிங் சண்டைக்கு வர்றேன். அந்த குரூப்காரங்க சொல்றதுல பொய் இல்ல, ப்ளூ நோட்ங்கிற ஜாஸ் கம்பெனியோட பழைய தட்டுல நடு வட்டத்துக்கிட்ட ஊசி ஓடாத இடத்துல வான் கெல்டர் முத்திரை இருக்கும், பக்கத்துல காது மாதிரி ஒரு குறி இருக்கும், அது பிளாஸ்டிலைட்ங்கிற ஃபேக்டரி போட்ட பி எழுத்து, 1966 வரைக்கும் அங்கதான் அடிச்சாங்க. அந்தக் காதை வச்சுதான் விலை ஏறும், சில தட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகுது. போகட்டும், பணம் இருக்கிறவன் வாங்கட்டும். ஆனா ஒரிஜினல்னா தப்பே இருக்காதுன்னு மட்டும் நம்பாதீங்க. மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ', உலகத்துலயே அதிகம் வித்த ஜாஸ் ஆல்பங்கள்ல ஒண்ணு, 1959ல வந்தது. அந்த மார்ச் மாச செஷன்ல மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால சரியான வேகத்துல போடும்போது முதல் பக்கத்து மூணு பாட்டும் ஸ்ருதி ஏறித்தான் கேக்கும். முப்பது வருஷத்துக்கு மேல உலகமே அதை அப்படித்தான் கேட்டுச்சு, அதைக் கூடவே வாசிச்சுப் பழகினவங்கதான் முழிச்சிருக்காங்க. 1992ல இன்னொரு மெஷின்ல ஓடின பேக்கப் டேப்பை எடுத்துதான் சரி பண்ணாங்க. ஆக லட்ச ரூபா குடுத்து முதல் பிரஸ்ஸிங் வாங்கினவர் வீட்ல ஸ்ருதி தப்பு, அதுக்கு அப்புறம் வந்த சிடியை ஐநூறு ரூபாய்க்கு வாங்கினவர் வீட்ல ஸ்ருதி சுத்தம். நம்ம ஊர்ல ஸ்ருதிக்கு ஊதுற ஒத்து சரியா சேரலைன்னா கச்சேரியே கேக்க மாட்டாங்க, நீங்களே யோசிச்சுக்கங்க.

இன்னொண்ணு, 2022ல பழைய ஆல்பத்தை மறுபடி அடிச்சு விக்கிற ஒரு பெரிய அமெரிக்க கம்பெனி, முழுக்க டேப்லேர்ந்தே வெட்டுறாங்கன்னு எல்லாரும் நம்பினவங்க, நடுவுல டிஜிட்டல் ஃபைல் எடுத்துதான் தட்டு வெட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு வெளிய வந்துச்சு. டிஜிட்டல்னா ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவேன்னு சத்தியம் பண்ணவங்க அது வரைக்கும் அதைத்தான் பிரமாதம்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க.

புது தட்டு வாங்குறதுன்னா, ப்ளூ நோட்டோட 'டோன் போயட்' வரிசை 2019லேர்ந்து வருது, நல்ல வேலை, அட்டையே கனமா இருக்கும். 'கிளாசிக் வினைல்'னு அதுக்குக் கீழ் விலையில இன்னொரு வரிசை இருக்கு, நம்ம பட்ஜெட்டுக்கு அது போதும். எ லவ் சுப்ரீம் வேற கம்பெனி, இம்பல்ஸ், 2020ல 'அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ்' வரிசையில வந்த பதிப்பு கிடைச்சா விடாதீங்க. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. 1962 வரைக்கும் வெளிவந்த ஆல்பங்களுக்கு ஐரோப்பாவுல ரெக்கார்டிங் காப்புரிமை முடிஞ்சு போச்சு, அதனால யாரு வேணா அடிக்கலாம், கலர் கலரா தட்டு, ரெண்டு பாட்டு இலவசம்னு ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கும். அதுல பெரும்பாலும் சிடியைத்தான் தட்டுல ஏத்தியிருப்பாங்க, டேப் அவங்க கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. அதுக்கு சிடியையே வாங்கிட்டுப் போயிடலாம்.

சிடி கேவலமான்னு கேட்டீங்க. நம்ம டெல்டாவுல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியே வேண்டாம் தம்பி. ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம வீட்டு சுவரே வேர்க்கும். எல்பி அட்டை காகிதம்தானே, பூசணம் பூத்துடும், ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். தட்டுக்கு பூசணம் பிடிச்சா டிஸ்டில்டு வாட்டர்ல துடைச்சு எடுத்துடலாம், அட்டைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் சித்திரை வெயில்ல மாடி ரூம்ல படுக்க வச்சு அடுக்கினீங்கன்னா தட்டு வளைஞ்சுடும். நிக்க வச்சுதான் அடுக்கணும், வெளிச் சுவரை ஒட்டி வைக்காதீங்க, உள்ள வர்ற காகித உறையைத் தூக்கிப் போட்டுட்டு பாலிதீன் உறை மாத்துங்க. கரண்ட் போனா இன்னொரு கூத்து, பாட்டு பாதியில அறுந்துடும், இருட்டுல ஊசியைத் தூக்க கை நடுங்கும். சிடிக்கு இந்த வம்பு எதுவும் இல்ல. வெளிநாட்லேர்ந்து வரவழைச்சா எல்பிக்கு தபால் செலவே தட்டு விலை ஆயிடும், மேல கஸ்டம்ஸ் வேற, சிடி நாலு சேத்து ஒரு பார்சல்ல வந்துடும்.

அதோட வான் கெல்டர், பகல்ல கண்ணாடி பவர் பாத்து எழுதிக் குடுத்துட்டு ராத்திரி அப்பா அம்மா வீட்டு ஹால்ல ப்ளூ நோட் ஆல்பம் ரெக்கார்ட் பண்ண மனுஷன், பழைய டேப்பை எல்லாம் எடுத்து வயசான காலத்துல சிடிக்காக அவரே மாஸ்டர் பண்ணிக் குடுத்தார், 'ஆர்விஜி எடிஷன்'னு போட்டிருக்கும். கொஞ்சம் சத்தம் ஜாஸ்தின்னு குறை சொல்றவங்க உண்டு, எனக்கே சிலது அப்படித்தான். ஆனா பழைய சிடியா சல்லிசா கிடைக்கும், ஸ்பீக் நோ ஈவில், இன்னர் அர்ஜ் ரெண்டையும் அதுல வாங்குங்க.

இப்ப வாசிக்கிறவங்களுக்கும் அதே வழிதான். ராய் ஹேன்ஸ்னு ஒரு டிரம்மர், அந்தக் கால சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர் கூட வாசிச்சவர், 2024 நவம்பர்லதான் 99 வயசுல போனார். பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கோட 'மிஸ்டீரியோசோ' 1958, சிக் கொரியாவோட 'நவ் ஹி சிங்ஸ், நவ் ஹி சாப்ஸ்' 1968, ரெண்டுலயும் அவர்தான். அவரோட பேரன் மார்கஸ் கில்மோர். தாத்தா கைவாக்கு பேரனுக்கு வர்றதை நம்ம ஊர் தவில் குடும்பங்கள்ல பாத்தவங்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்தப் பேரன் விஜய் ஐயரோட 'ஹிஸ்டாரிசிட்டி' 2009லயும் 'பிரேக் ஸ்டஃப்' 2015லயும் வாசிக்கிறார். விஜய் ஐயர் அமெரிக்காவுல பொறந்தவர், அப்பா அம்மா தமிழ்க்காரங்க, அவர் பியானோவுல தாளக் கணக்கு ஓடுறதை முதல்தடவை கேக்கும்போதே உங்களுக்கு கை தானா எண்ண ஆரம்பிச்சுடும். பாருங்க, சார்லி பார்க்கர்லேர்ந்து நேத்து வந்த ஆல்பம் வரைக்கும் ஒரே குடும்பத்து ரெண்டு ஜோடி கையைப் பிடிச்சுக்கிட்டே வந்துடலாம்.

இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு, 'கின்ஸ்மென்', 2008. ருத்ரேஷ் மகந்தப்பா அமெரிக்க ஜாஸ் சாக்ஸ், கூட கர்நாடக சங்கீத சாக்ஸ் கத்ரி கோபால்நாத், வயலின் கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. பூவாளூர்னா நம்ம லால்குடி பக்கத்து பூவாளூர்தான். அதை சிடியா வாங்குங்க. ரெண்டு சாக்ஸபோனும் முட்டிக்கிற இடத்துல எது யாருன்னு அப்பாகிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க, நான் நண்பர்கள்கிட்ட போட்டுக் காட்டி பந்தயம் கட்டியிருக்கேன், நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஆளுங்க டக்குன்னு சொல்லிடுறாங்க.